வலிக்காத இடம்: மலைப்பாதை ஓட்டுநர் ஒருவரின் கட்டுக்கு வராத சர்க்கரை

நோயாளிக்கு வயது 52. கன்னங்குறிச்சிக்காரர். சொந்தமாக ஒரு குட்டியானை (சின்னச் சரக்கு வண்டி) வைத்து ஓட்டுகிறார். விடியற்காலையில் சேலத்திலிருந்து மளிகையும் காய்கறியும் ஏற்றிக்கொண்டு ஏற்காடு போவார். மதியத்துக்குள் காப்பி, மிளகு, பருவத்தைப் பொறுத்து ஆரஞ்சு, பலா என்று கிடைத்த சரக்கோடு லீ பஜார் மண்டிக்கு இறங்கிவிடுவார். ஏறும்போது இருபது கொண்டை ஊசி வளைவு, இறங்கும்போது அதே இருபது. சர்க்கரை நோய் வந்து பதினொரு வருடம் ஆகிறது. அவரும் அவர் மனைவியும் சம்மதித்த பிறகே இதை எழுதுகிறேன். ஆளை அடையாளம் காட்டிவிடக்கூடிய சிலவற்றை மாற்றியிருக்கிறேன்.

இதில் நடந்த தவறில் பெரும்பங்கு என்னுடையது. இல்லாவிட்டால் எழுதியே இருக்க மாட்டேன். சரியாகக் கட்டுக்கு வந்த சர்க்கரையைப் பற்றி யாருக்கு என்ன சுவாரசியம்?

ஏட்டில் இருந்தது

முதலில் என்னிடம் வந்தபோது இரண்டு சர்க்கரை மாத்திரைகள். மெட்ஃபார்மின் 1000 மில்லிகிராம் காலை, இரவு. கிளிமிபிரைடு 2 மில்லிகிராம் காலை, இரவு. மூன்று மாதச் சராசரிச் சர்க்கரையைக் காட்டும் ரத்தப் பரிசோதனையான எச்பிஏ1சி 9.2 சதவீதம். மூன்றாவதாக ஒரு மாத்திரையைச் சேர்த்துப் பார்த்தோம், அசையவில்லை. இரவு கிளிமிபிரைடை நிறுத்திவிட்டு, 30/70 கலவை இன்சுலினை இரண்டு வேளைக்கு ஆரம்பித்தேன். காலை 12 யூனிட், இரவு 8. முதல் மூன்று மாதத்தில் 8.0க்கு இறங்கியது. நல்ல ஆரம்பம் என்று நானே ஏட்டில் எழுதி வைத்திருக்கிறேன்.

அதற்குப் பிறகு ஏறுமுகம்தான். 8.6, 9.3, 10.1. ஒவ்வொரு முறையும் நான் டோஸை ஏற்றினேன். மொத்தம் 20 யூனிட்டாக இருந்தது 32 ஆகி, 46 ஆகி, கடைசியில் காலை 34, இரவு 28 என்று 62இல் வந்து நின்றது. ஆரம்பத்தில் 66 கிலோ இருந்தவர் 72 ஆனார். கணக்குப் போட்டால் கிலோவுக்கு 0.86 யூனிட். அவ்வளவு இன்சுலின் உள்ளே போயும் சராசரிச் சர்க்கரை 240ஐத் தொட்டு நிற்கிறது என்றால் மருந்து போதவில்லை என்று நினைப்பதைவிட, மருந்து போய்ச் சேருகிறதா என்று கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை.

வீட்டில் பார்த்த அளவுகளை அவர் மனைவி பள்ளிக்கூட நோட்டின் பின்பக்கத்தில் எழுதி வைத்திருந்தார். வெறும் வயிற்றில் 212, 88, 241, 236, 64, 198. அந்த 64க்குப் பக்கத்தில் மட்டும் பொடி எழுத்தில் ‘வேர்த்துது. மிட்டாய்.’ என்று இருந்தது. இந்த நோட்டை நான் மூன்று தடவையாவது புரட்டியிருப்பேன். கண் 241இல் நின்றதே தவிர 64க்குப் போகவில்லை. ஒரே ஆள், ஒரே டோஸ், ஒரே சாப்பாடு. ஒரு நாள் 241, இன்னொரு நாள் 64. எச்பிஏ1சி மூன்று மாதத்துச் சராசரியை மட்டும் சொல்லும். இடையில் சர்க்கரை எப்படிக் குதித்தது, எங்கே விழுந்தது என்பதெல்லாம் அதில் தெரியாது. அதைச் சொன்னது இந்த நோட்டுதான்.

யார் மேல் சந்தேகம்

சர்க்கரை கட்டுக்கு வரவில்லை என்றால் எங்கள் தொழிலில் முதலில் கைவைப்பது சாப்பாட்டில். ‘வாயைக் கட்ட மாட்டேங்கறாரு’ என்று முடிவுகட்டிவிட்டால் டாக்டருக்கு வேலை மிச்சம். நானும் அங்கேதான் ஆரம்பித்தேன்.

சாப்பாட்டில் குறை இல்லாமல் இல்லை. இரவு களி. கேழ்வரகுக் களி சர்க்கரைக்கு நல்லது என்று இந்தப் பக்கத்தில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். நல்லதுதான், அளவோடு இருந்தால். நூறு கிராம் கேழ்வரகு மாவில் சுமார் 70 கிராம் மாவுச்சத்து இருக்கிறது, அரிசியில் 78. தேங்காய் அளவு உருண்டையாக இரண்டு களியைக் குழம்பில் தோய்த்து விழுங்கினால் அரிசியை விட்டதனால் வந்த லாபம் அங்கேயே தொலைந்துபோகும். சாயங்காலம் மண்டியில் கணக்கை முடித்துவிட்டுத் தட்டுவடை செட் ஒரு தட்டு. அதை நான் குறை சொல்லமாட்டேன், சேலத்தில் இருந்துகொண்டு அதை விடு என்று சொல்ல எனக்கே மனசு வராது.

கவனிக்க வேண்டியது வேறொன்று. வண்டியின் டேஷ்போர்டில் எப்போதும் ஒரு பொட்டலம் கடலைமிட்டாய் இருக்குமாம். அடிவாரத்தில் ஒன்று, பாதி மலையில் ஒன்று, இறங்குவதற்கு முன்னால் ஒன்று. “பசிக்குதுன்னு திங்கறதில்லைங்க. மலையில லோ ஆயிட்டா என்னங்க பண்றது? கீழ பள்ளமுங்க” என்றார். நான் இதையும் ‘இனிப்பை நிறுத்தவில்லை’ என்ற கணக்கில்தான் எழுதினேன். சர்க்கரை இறங்கிவிடுமோ என்ற பயத்தில் ஒருவர் நாள் தவறாமல் மிட்டாய் சாப்பிடுகிறார் என்றால் அவருக்கு உண்மையிலேயே அடிக்கடி இறங்குகிறது என்று அர்த்தம். அதுவும் எனக்கு அப்போது உறைக்கவில்லை.

ஊசியை ஒழுங்காகப் போடாமல் போட்டதாகச் சொல்கிறாரோ என்று பார்த்தேன். ஒரு பாட்டிலில் 400 யூனிட். நாளைக்கு 62 என்றால் ஆறரை நாளில் தீரும், மாதத்துக்கு நாலரைக்கு மேல். மருந்துக்கடை பில்லும் காலிப் பாட்டிலும் அதே கணக்கைச் சொன்னது. மனிதர் ஒரு வேளையும் விடவில்லை.

சிரிஞ்சு சரிதானா? இங்கே பாட்டிலில் வரும் இன்சுலின் பெரும்பாலும் மில்லிக்கு 40 யூனிட். அதற்குச் சிவப்பு மூடி போட்ட சிரிஞ்சு. ஆரஞ்சு மூடி போட்டது மில்லிக்கு 100 யூனிட் மருந்துக்கானது. மாற்றி எடுத்து 20 என்ற கோடு வரை இழுத்தால் உள்ளே போவது 8 யூனிட்தான். இந்தக் குழப்பத்தில் வருடக்கணக்காக ஏமாந்தவர்களைப் பார்த்திருக்கிறேன். இவரிடம் சிவப்பு மூடிதான் இருந்தது.

மூட்டுவலிக்கு யாரோ கொடுத்த பொடி, பேர் தெரியாத ஊசி ஏதாவது? ஸ்டீராய்டு கலந்திருந்தால் சர்க்கரை எகிறும். இல்லை. நெஞ்சுப் படத்தில் காசநோய் அறிகுறி இல்லை. தைராய்டு, பல், சிறுநீர்க் கிருமி எல்லாம் சுத்தம். ரத்தசோகையும் இல்லை, இரும்புச்சத்துக் குறைந்தால் எச்பிஏ1சி உள்ளதைவிடக் கூடுதலாகக் காட்டும் என்பதால் அதையும் பார்த்தேன். இன்சுலினை வெயிலில் வண்டியிலேயே விட்டுவிடுகிறாரா என்ற சந்தேகமும் இருந்தது. சித்திரை வைகாசியில் சேலத்து வெயில் 40 டிகிரியைத் தொடும். பூட்டிய வண்டிக்குள் அதற்கும் மேலே. ஆனால் பாட்டில் வீட்டு ஃபிரிட்ஜ் கதவில் இருந்தது, இரண்டு வேளை ஊசியும் வீட்டில்தான்.

இத்தனையும் பார்த்தேன். ஊசி உடம்பில் எங்கே இறங்குகிறது என்பதை மட்டும் பார்க்கவில்லை.

ஆடியில் நடந்தது

சேலத்தில் ஆடி என்றால் மாரியம்மன் பண்டிகை. கோட்டை மாரியம்மன் கோயில் தொடங்கி ஊர் முழுக்க அம்மன் கோயில்களில் கூட்டம். மகள் பிரசவம் நல்லபடி ஆனதற்கு அவர் உருளுதண்டம் போடுவதாக, அதாவது கோயிலில் தரையில் உருள்வதாக, நேர்ந்திருந்தார். போட்டார். மறுநாள் காலையில் வயிறெல்லாம் சிராய்ப்பு. தொட்டாலே எரிந்ததால் வழக்கமான இடத்தை விட்டுவிட்டு, வலது தொடையில் 34 யூனிட்டைப் போட்டுக்கொண்டார். கிளிமிபிரைடையும் விழுங்கினார். நான்கு இட்லி. பிறகு மூட்டை ஏற்றினார், வண்டியை எடுத்தார்.

பாதி மலை தாண்டி, பதினோராவது வளைவுக்குப் பக்கத்தில் கியர் சரியாக விழவில்லை. கூட வந்த பையன் சொன்னது: “அண்ணன் ரெண்டாவதுல போட வேண்டியத நாலாவதுல போடறாரு. சட்டையெல்லாம் நனைஞ்சிருச்சு. பேசுனா வேற என்னமோ பேசறாரு.” எப்படியோ ஓரமாக நிறுத்திவிட்டார். பையன் டேஷ்போர்டிலிருந்து கடலைமிட்டாயை எடுத்து வாயில் வைத்திருக்கிறான். மென்றாரே தவிர தெளியவில்லை. அதில் எண்ணெய்ச்சத்தும் இருப்பதால் சர்க்கரை ரத்தத்தில் ஏற நேரமாகும். அரை மயக்கத்தில் இருப்பவர் வாயில் கடலையைப் போடுவது புரையேறுவதற்கும் வழி. நல்லவேளையாக மேலே போன காரில் இருந்த ஒரு அம்மா பழச்சாறு பாக்கெட்டைக் கொடுத்தார். கால் மணி நேரத்தில் ஆள் நிதானத்துக்கு வந்தார். வேறொரு ஓட்டுநர் வண்டியைக் கீழே கொண்டு வந்தார்.

கிளினிக்குக்கு வந்தபோது இரண்டு மணி நேரம் ஆகியிருந்தது. அவ்வளவு இனிப்புக்குப் பிறகும் 71. கலவை இன்சுலினில் 70 பங்கு நிதானமாக வேலை செய்கிற ரகம். கிளிமிபிரைடும் நாள் முழுக்கத் தன் வேலையைக் காட்டும். இப்போது தெளிந்துவிட்டார் என்று வீட்டுக்கு அனுப்பினால் மத்தியானம் மறுபடி விழுவார். சாயங்காலம் வரை படுக்க வைத்து மணிக்கொரு தரம் பார்த்தோம். பதினொன்றரைக்கு ஒரு முறை 58க்கு இறங்கியது. மூன்று ஸ்பூன் சர்க்கரை கரைத்த தண்ணீர், அதற்குப் பின்னால் சாப்பாடு.

போன மாதம் இதே டோஸுக்கு 241 காட்டிய உடம்பு. சிறுநீரகம் கெட்டால் இன்சுலின் உடம்பில் தங்கும், அதனால் இறங்கும் என்று கிரியாட்டினின் பார்த்தேன். 0.9. அதுவும் இல்லை.

கண்டுபிடித்தது எங்கள் நர்ஸ். அதுவும் சிராய்ப்புக்கு மருந்து போடச் சட்டையைத் தூக்கியபோது.

“அண்ணா, ஊசி எப்பவும் இங்கதான் போடுவீங்களா?”

“ஆமாங்க. அங்க போட்டா வலியே தெரியறதில்லைங்க.”

தொப்புளுக்கு இடது பக்கம் எலுமிச்சம்பழத்தைப் பாதியாக வெட்டிக் கவிழ்த்த மாதிரி ஒரு மேடு. வலது பக்கம் அதைவிடச் சின்னது. நேராகப் பார்த்தால் தொப்பை என்றுதான் தோன்றும். விரலால் தடவினால்தான் பிடிபடும்: சுற்றியிருக்கும் தோல் மெத்தென்று இருக்க, அந்த இடம் மட்டும் பழைய சைக்கிள் சீட்டை அழுத்தியதுபோல் கெட்டியாக, கிள்ளினால் மடிப்பு வராமல் இருந்தது. மேலே கரும்புள்ளியாக ஊசிபட்ட தடங்கள், எல்லாம் ஒரு ரூபாய் நாணய அகலத்துக்குள். சொன்னால் நம்பமாட்டீர்கள், இரண்டரை வருடத்தில் நான் அவர் வயிற்றைத் தொட்டதாக ஏட்டில் ஒரு வரி இல்லை.

மனைவி பக்கத்தில் நின்றுகொண்டிருந்தார். “நான்தாங்க சொன்னேன், பழகுன எடத்துலயே போடுங்கன்னு. புது எடத்துல போட்டா மூஞ்சியச் சுளிக்கிறாரு.”

உள்ளே என்ன நடக்கிறது

இன்சுலின் சர்க்கரையைக் குறைப்பதோடு கொழுப்பையும் சேர்க்கும். ஒரே இடத்தில் திரும்பத் திரும்பப் போட்டால் அங்கே தோலுக்கடியில் கொழுப்புத் தடித்து, போகப்போக நார்போல இறுகும். நரம்பு உணர்ச்சி மங்குவதால் வலிக்காது. வலிக்காததால் மறுபடி அங்கேயே போடுவார்கள், மேடு இன்னும் பெருக்கும். அந்தக் கட்டிக்குள் போன மருந்து ரத்தத்தில் எப்போது, எவ்வளவு சேரும் என்பதற்கு எந்த உத்தரவாதமும் இல்லை. ஒரு நாள் தேங்கி நிற்கும், இன்னொரு நாள் மொத்தமாக இறங்கும். நோட்டில் இருந்த 241ம் 64ம் அந்த மேட்டிலிருந்து வந்தவை. நான் ஏற்றிய 62 யூனிட் அவருடைய நோய்க்குத் தேவையான அளவே இல்லை; கட்டியை மீறிக் கொஞ்சமாவது உள்ளே போகத் தேவைப்பட்ட அளவு. நல்ல தொடையில் அதே 34ஐப் போட்டபோது அத்தனையும் வேலை செய்தது. மூட்டை தூக்கி உழைத்த கால் என்பதால் கொஞ்சம் வேகமாகவே செய்திருக்கும்.

இது அபூர்வமான சங்கதி இல்லை. 2013இல் வெளியான ஸ்பெயின் நாட்டு ஆய்வொன்றில் இன்சுலின் போடும் 430 பேரைப் பரிசோதித்ததில் கிட்டத்தட்ட மூன்றில் இரண்டு பங்குப் பேருக்கு இந்தத் தடிப்பு இருந்தது. காரணம் தெரியாமல் சர்க்கரை திடீர் திடீரென்று இறங்குவதும் அவர்களிடம்தான் பல மடங்கு அதிகம்.

சிரிஞ்சைக் கேட்டபோது சோப்பு டப்பாவிலிருந்து ஒன்றை எடுத்துக் காட்டினார். ஒரு சிரிஞ்சு பத்து நாள், அதாவது இருபது குத்து. பூதக்கண்ணாடியில் பார்த்தால் முனை தூண்டில்போல லேசாக வளைந்திருந்தது. வெள்ளையாகக் கலங்கி நிற்கும் கலவை இன்சுலினை உள்ளங்கையில் பத்துத் தடவை உருட்டிப் பத்துத் தடவை கவிழ்த்து எடுக்க வேண்டும். இவர் ஃபிரிட்ஜிலிருந்து எடுத்த கையோடு இழுத்துவிடுவார். குதித்த எண்களில் தடிப்பின் பங்கு எவ்வளவு, கலக்காததன் பங்கு எவ்வளவு என்று பிரிக்க என்னால் முடியவில்லை. தடிப்புதான் பெரிய ஆள் என்பது தொடையில் போட்ட அந்த ஒரு ஊசியிலேயே தெரிந்துவிட்டது.

செய்தது

கிளிமிபிரைடை நிறுத்தினேன். இன்சுலினை 62இலிருந்து 42க்கு இறக்கினேன், காலை 24, இரவு 18. தடிப்பிலிருந்து நல்ல இடத்துக்கு மாற்றும்போது டோஸைக் குறைக்காமல் விடுவது ஆபத்து. 2016இல் வெளியான ஊசிபோடும் முறைக்கான சர்வதேசப் பரிந்துரைகள் இந்தக் குறைப்பு பல நேரம் 20 சதவீதத்துக்கு மேல் போகும் என்கின்றன. மலைப்பாதை ஓட்டுநர் என்பதால் நான் மூன்றில் ஒரு பங்கைக் குறைத்தேன். முதல் பத்து நாள் மலையேற வேண்டாம் என்றேன். “வண்டித் தவணை யாருங்க கட்டுவாங்க?” என்றார். மைத்துனர் ஓட்ட, இவர் பக்கத்தில் உட்கார்ந்து போனார்.

மற்ற வேலையெல்லாம் நர்ஸ் பார்த்தது. பால்பாயிண்ட் பேனாவால் தடிப்பைச் சுற்றி வட்டம் போட்டு, இதற்குள் ஊசி கூடாது என்றார். மிச்சமிருந்த வயிற்றையும் இரண்டு தொடைகளையும் பாகம் பிரித்து, ஒரு பாகத்துக்கு ஒரு வாரம், ஒரு குத்துக்கும் அடுத்ததற்கும் ஒரு விரல்கடை இடைவெளி என்று மனைவியிடம் போட்டுக் காட்டச் சொன்னார். சிரிஞ்சு ஒவ்வொரு முறையும் புதிது. இரண்டு வேளைக்கும் கட்டுப்படியாகாது என்றதால் நாளைக்கு ஒன்று என்று இறங்கி வந்தோம். புத்தகம் இதற்குச் சம்மதிக்காது. பத்து நாளிலிருந்து ஒரு நாளுக்கு வந்ததே எனக்குப் போதும்.

கடலைமிட்டாய் போய் குளுக்கோஸ் பொடி வந்தது, தேவைப்பட்டால் மட்டும் பிரிக்க. வண்டியை எடுக்கும் முன் அடிவாரத்தில் ஒரு விரல் குத்து. 90க்குக் கீழே இருந்தால் சாவியைத் திருகக் கூடாது. ஏற்காட்டில் சரக்கு இறக்கிய பிறகு இன்னொன்று.

முதல் வாரம் வெறும் வயிற்றில் 150க்கும் 185க்கும் நடுவில் ஓடியது. கூடுதல்தான், ஆனால் குதிக்கவில்லை. குதிக்காத சர்க்கரையை இறக்குவது சுலபம். மூன்று மாதத்தில் எச்பிஏ1சி 8.3. தை மாதம் 7.5, மொத்த இன்சுலின் 44 யூனிட், எடை 69. அந்த ஆறு மாதத்தில் 70க்குக் கீழே போனது இரண்டே முறை, இரண்டும் வீட்டில். 7க்குக் கீழே கொண்டுவர நான் முயலவில்லை. கொண்டை ஊசி வளைவில் ஸ்டியரிங் பிடிப்பவருக்கு அந்த அரை சதவீதத்துக்காக இன்னொரு ஆடியை வரவழைக்க எனக்குத் துணிச்சல் இல்லை. இடது பக்கத்து மேடு பாதியாகச் சுருங்கியிருந்தது.

2023இல் வெளியான, இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஐசிஎம்ஆர்-இண்டியாப் ஆய்வின்படி தமிழ்நாட்டில் நூறு பெரியவர்களில் பதினான்கு பேருக்கு மேல் சர்க்கரை நோய். கூட்டம் எவ்வளவு என்பது காலையில் எந்த கிளினிக் வாசலில் நின்றாலும் தெரியும். ஆளுக்கு ஐந்து நிமிடம் என்று ஓடும்போது சீட்டில் இருக்கும் எண்ணைப் பார்த்து டோஸை மாற்ற அரை நிமிடம் போதும். சட்டையைத் தூக்கச் சொல்லித் தடவிப் பார்க்க இரண்டு நிமிடம் ஆகும். இந்த இரண்டு நிமிடத்தை இப்போது நாங்கள் நர்ஸிடம் கொடுத்துவிட்டோம்: இன்சுலின் போடுகிற யாரும் அவர் கைபடாமல் என் அறைக்குள் வர முடியாது. முதல் மாதத்திலேயே இன்னும் ஏழு பேர் அகப்பட்டார்கள். அதில் ஒருவருக்குப் போன வாரம்தான் நான் டோஸை ஏற்றியிருந்தேன்.

வைகாசியில் மறுபடி வந்தார். எச்பிஏ1சி 7.8. மாம்பழ சீசன், மல்கோவா. அவரும் மறைக்கவில்லை, நானும் துருவவில்லை. வயிறு சுத்தமாக இருந்தது. வலது தொடையின் வெளிப்பக்கத்தில் நர்ஸின் விரல் நின்றது. சுண்டைக்காய் அளவில் ஒரு சின்னத் தடிப்பு.

“அந்தக் கைக்கு அதுதாங்க தோதா இருக்குது” என்றார்.

நர்ஸ் பேனாவை எடுத்து அதைச் சுற்றி ஒரு வட்டம் போட்டார்.